நகரும் கூரைக்குச் சக்கரமும் பூட்டும்

நமது சங்கக் கூட்டங்களுக்கு வரும் நண்பர்கள் சிலர், "கொல்லையில் தொலைநோக்கி அறை கட்டியிருக்கிறீர்களாமே, கூரை எப்படி சார் நகர்கிறது?" என்று கேட்பதுண்டு. அவர்களுக்காகவும், இதுபோல் ஒன்று கட்ட நினைக்கும் இளைஞர்களுக்காகவும் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

புனேயில் மழைக்காலம் போக மற்ற மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். கனமான தொலைநோக்கியைத் தினமும் தூக்கி வந்து நிறுத்துவது வயதானவர்களுக்கு ஆகாத காரியம். கருவியை ஒரே இடத்தில் நிலையாக வைத்து, கூரையை மட்டும் தண்டவாளத்தில் ஒதுக்கிவிடுவது எளிது. என் அறை 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். இரும்புச் சட்டமும் தகடும் சேர்ந்து கூரையின் எடை சுமார் 180 கிலோ.

தண்டவாளம்: கடையில் இரும்பு ஆங்கிள் 6 மீட்டர் நீளத்தில் கிடைக்கும். அறைக்கு 3 மீட்டர், கூரை ஒதுங்கி நிற்க வெளியே 3 மீட்டர். ஆக, ஒட்டுப் போடாமல் ஒரே துண்டில் முடிந்துவிடும். ஒட்டு இருந்தால் அங்கே சக்கரம் இடிக்கும். ஆங்கிளின் முனை மேலே இருக்குமாறு கவிழ்த்துப் பற்றவைக்க வேண்டும். அப்போது தூசியும் மழைநீரும் அதன்மேல் தங்காது.

சக்கரம்: இழுவைக் கதவுகளுக்குப் போடும் பள்ளம் வெட்டிய இரும்புச் சக்கரமே போதும். பேரிங் மூடியிட்டதாக இருக்கட்டும். நைலான் சக்கரம் சத்தம் போடாது என்பார்கள். ஆனால் மாதக்கணக்கில் எடையைத் தாங்கி ஒரே இடத்தில் நின்றால் அது தட்டையாகிவிடக்கூடும். ஆறு சக்கரம் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 30 கிலோதான் என்று கணக்குப் போடாதீர்கள். தண்டவாளம் சற்றே மேடுபள்ளமானால் முழு எடையும் இரண்டு மூன்று சக்கரங்களின் தலையில் விழும். ஒவ்வொன்றும் 100 கிலோவாவது தாங்க வேண்டும்.

இன்னொரு நுட்பம். இரண்டு பக்கமும் பள்ளச் சக்கரம் வேண்டாம். குளிர்கால இரவுக்கும் கோடை நண்பகலுக்கும் கூரைத் தகட்டின் வெப்பம் 50 டிகிரி வரை மாறலாம். 3 மீட்டர் இரும்பு அதற்கு ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். இரண்டு பக்கமும் பள்ளம் இருந்தால் சக்கரம் இறுகிக்கொள்ளும். ஒரு பக்கம் பள்ளச் சக்கரம் வழிகாட்டட்டும். மறுபக்கம் தட்டைச் சக்கரம் பட்டையான இரும்பின் மீது ஓடட்டும்.

இவ்வளவும் சரியாகச் செய்தேன். என் பேத்தி ஒரு கையால் தள்ளினாலே கூரை ஓடியது. எனக்கு ஒரே பெருமை. பூட்டுக்கு மட்டும் ஒரு சாதாரணத் தாழ்ப்பாள் போட்டு நிறுத்திக்கொண்டேன்.

2018 மே மாதம் ஒரு மாலை, மழைக்கு முன் வரும் சூறைக்காற்று வீசியது. கூரை ஒரு பக்கம் எழும்பி, தண்டவாளத்தை விட்டு இறங்கி, சுவர் மேல் சாய்ந்து நின்றது. பத்து நிமிடம் முன்புவரை பேத்தி அந்தச் சுவரோரம்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். கடையில் சக்கரத்துக்கு அத்தனை நேரம் செலவிட்ட நான், பூட்டைப் பற்றி ஒரு கணக்கும் போடவில்லை.

அன்றிரவு போட்ட கணக்கு இது. ஐ.எஸ். 875 என்ற இந்தியத் தரக் குறிப்பின் மூன்றாம் பகுதி, புனேக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர் என்கிறது. வேகத்தின் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் அழுத்தம் கிடைக்கும். அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 93 கிலோ எடைக்குச் சமம். 9 சதுர மீட்டர் கூரைக்கு ஏறக்குறைய 840 கிலோ! கூரையின் வடிவத்தைப் பொறுத்து இது கூடலாம், குறையலாம். என் கூரையின் எடையோ 180 கிலோ. மீதி 660 கிலோவைப் பூட்டுகள்தான் பிடித்து நிறுத்த வேண்டும். நான்கு மூலைக்கும் அது சமமாகப் பிரியாது என்பதால், மூலைக்கு 350 கிலோவாவது தாங்கும்படி வைத்துக்கொண்டேன்.

இப்போது நான்கு மூலையிலும் திருகி இறுக்கும் டர்ன்பக்கிள் இருக்கிறது. அதன் கீழ்க் கொக்கி செங்கல்லில் அடித்த ஆணியில் இல்லை. சுவருக்குள் கான்கிரீட் பட்டைவரை இறங்கிய 12 மில்லிமீட்டர் கம்பியில் மாட்டியிருக்கிறது. தண்டவாளத்தின் விளிம்புக்குக் கீழே வளைந்து செல்லும் இரும்புப் பட்டைகளும் உண்டு. கூரை ஓடும்போதுகூட அவை அதை எழும்ப விடாது. தண்டவாளத்தின் இரு கோடியிலும் தடுப்பு இருக்கிறது. கூரை திறந்து நிற்கும் நிலைக்கும் தனிப் பூட்டு வைத்தேன். காற்று அப்போதும் வரும் அல்லவா?

நம் ஊர்த் தேரோட்டத்தில் வடம் இழுப்பவர்கள் ஆயிரம் பேர். ஆனால் தேர் நிற்பது முட்டுக்கட்டை போடுபவர் கையில். சிறு வயதில் பார்த்தது, இந்த வயதில்தான் புரிந்தது.

கட்டி முடித்தவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். பூட்டுகளை இறுக்கிவிட்டு, மூலைக்கு மூலை கார் ஜாக்கியை வைத்து மெல்ல உயர்த்திப் பாருங்கள். சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் பூட்டு போதாது. ஆண்டுதோறும் ஏப்ரல் கடைசியில் நான் இதைச் செய்கிறேன். ஜாக்கியைப் பிடிப்பது நான். குனிந்து வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது பேத்தி.