ஒளியில் தெரியும் உள்ளம்

துப்பறியும் திரைப்படம் குற்றவாளி யார் என்று வினவும். உளவியல் திகில் படமோ, காண்பவனின் கண்ணையே நம்பலாமா என்று வினவும். அகத்தின் கலக்கத்தை வசனத்தால் சொல்லிவிடலாம். காட்டுவதற்குக் கேமராவும் ஒளியும் வேண்டும். ஆல்பிரட் ஹிட்ச்காக் இயக்கி 1958ஆம் ஆண்டு வெளிவந்த ‘வெர்டிகோ’ இதற்குத் தக்க சான்றாகும்.

அப்படத்தின் நாயகன் ஸ்காட்டி, உயரத்தைக் கண்டு அஞ்சும் நிலையால் காவல்துறைப் பணியைத் துறந்தவன். அவன் நேசிக்கும் மேடலின் ஒரு மணிக்கூண்டின் படிகளில் ஓடி ஏறுகிறாள். பின்தொடரும் அவன் நடுவழியில் கீழே நோக்குகிறான். படிக்கட்டின் நடுவெளி அடியற்ற கிணறுபோல் நீள்கிறது. கால்கள் நகர மறுக்கின்றன.

இக்காட்சிக்காகக் கேமராவை ஒரு திசையில் நகர்த்திக்கொண்டே, ஜூம் லென்சை அதற்கு எதிராக இயக்கினர். நகர்வால் நேரும் அளவு மாற்றத்தை லென்சு ஈடுசெய்ய, ஆழம் மட்டும் இழுபடுகிறது. நின்ற இடத்தில் நிற்கையிலேயே உலகம் நழுவும் உணர்வு. தலைசுற்றல் என்பதும் அதுதானே! இம்முறையை வகுத்தவர் இர்மின் ராபர்ட்ஸ் என்னும் ஒளிப்பதிவாளர். படிக்கட்டின் உச்சியில் கேமராவை ஏற்றி இயக்க 50,000 டாலர் ஆகும் என்றனர். காட்சியில் மனிதர் எவரும் இல்லையே என்றெண்ணிய ஹிட்ச்காக், சிறிய மாதிரிப் படிக்கட்டு ஒன்றைச் செய்து பக்கவாட்டில் கிடத்திப் படமாக்கச் செய்தார். செலவு 19,000 டாலரில் முடிந்தது.

இதனினும் நுட்பமானது, ராபர்ட் பர்க்ஸ் ஒளிப்பதிவில் அமைந்த விடுதியறைக் காட்சி. மேடலின் இறந்துவிட்டதாக நம்பும் ஸ்காட்டி, அவள் சாயலுடைய ஜூடியைக் காண்கிறான். ஆடை, கூந்தலின் நிறம், கொண்டை என ஒவ்வொன்றையும் மேடலினைப் போலவே மாற்றிக்கொள்ளும்படி வற்புறுத்துகிறான். சாளரத்திற்கு வெளியே பச்சை நியான் விளம்பரப் பலகை ஒளிர்கிறது. முழுதும் மாறியவளாய் அவள் வெளிப்படுகையில், அப்பச்சையொளி பனிமூட்டம்போல் அவளைப் போர்த்துகிறது. மேடலினை அவன் முதன்முதலில் கண்டபோது அவள் அணிந்திருந்ததும் பச்சையே. உருவின் விளிம்புகள் கரைய, இறந்தவள் மீள்வதாகவே அவனுக்குத் தோன்றுகிறது. அவள் நெருங்க நெருங்க மூட்டம் விலகி, உயிருள்ள பெண்ணின் முகம் தெளிகிறது.

மேடலினாக நடித்து ஏமாற்றியவள் ஜூடிதான் என்பதைப் பார்வையாளர் முன்பே அறிவர். ஆயினும் அக்கணத்தில் ஒளி அவர்களையும் ஸ்காட்டியின் கண்ணால் காணச் செய்துவிடுகிறது. தன்னைத் தானாகவே அவன் நேசிக்கமாட்டானா என்று ஏங்கும் ஜூடியின் விழிகளை, அவனைப் போலவே அவர்களும் கவனிப்பதில்லை.