துயிலுக்கு முன் ஒரு நினைவு

பகற்பொழுதில் மனம் எதிற் படிந்து நின்றதோ, இரவில் அதுவே பெரும்பாலும் கனவாய் விரிகின்றது. ஆதலின் உறங்கப் புகுமுன் உள்ளத்தில் எதனை வைக்கின்றோம் என்பது சிந்திக்கத் தக்கது.

பாடியில் எழுந்தருளியுள்ள திருவலிதாயநாதரை வழிபட்டு மேற்கே ஆவடியைக் கடந்து செல்வோர், திருநின்றவூரை அடைவர். அவ்வூர்ப் பூசலார் நாயனார், கோயில் எடுக்கப் பொருள் கிட்டாமையால், கடைக்கால் முதல் சிகரம் ஈறாக முறை பிறழாது மனத்தினாலேயே கோயில் எடுத்தார். அவர் குடமுழுக்கிற்குக் குறித்த நாளும், பல்லவ மன்னன் காஞ்சியில் தான் எடுத்த கற்றளிக்குக் குறித்த நாளும் ஒன்றாயின. முதல்நாள் இரவில் இறைவன் மன்னனது கனவில் தோன்றி, பூசலாரின் ஆலயத்துள் நாளை யாம் புகுவோம், நின் விழாவைப் பின்னர் வைத்துக்கொள் என அருளினான் என்பது சேக்கிழார் பெருமான் கூறும் வரலாறு. அன்பர்கள் இங்கு ஒன்றை நோக்குதல் வேண்டும். பூசலார் கனவை வேண்டினார் அல்லர். இடையறாது நினைந்தார், அவ்வளவே.

திருவதிகையில் திலகவதியார், வேற்றுச் சமயம் சார்ந்த தம்பியாரின் பொருட்டு இறைவனிடம் பலகாலும் விண்ணப்பித்தார். இறைவன் அவர்தம் கனவில் தோன்றி, மனக்கவலை ஒழிக என்று தேற்றினான். அத்தம்பியாரே பின்னாளில் திருநாவுக்கரசர் ஆயினார்.

இக்கால அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். டியர்ட்ரே பாரெட் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் 1993ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், 76 மாணவர்கள் ஒரு வாரம் தத்தம் சிக்கலொன்றை நினைந்தவாறே உறங்கினர். ஏறத்தாழப் பாதிப்பேர் அது தொடர்பான கனவு கண்டதாகக் கூறினர். ஏனையோர்க்கு அவ்வாறு வாய்க்கவில்லை என்பதும் கருதத் தக்கது.

அடியேன் கண்டதும் ஒன்று உண்டு. என் இல்லாள் மறைந்தபின், அவள் இறுதி நாள்களில் கிடந்த மருத்துவமனைக் கட்டிலே இரவுதோறும் கனவில் வந்தது. அதனைக் காணலாகாது என்று எண்ணி எண்ணிப் படுத்தேன். அக்கனவு மிகுந்ததேயன்றிக் குறையவில்லை. பின்னர், விலக்க முயல்வதை விட்டு, இக்கோயிலை மனத்தால் வலம்வரத் தொடங்கினேன். சில திங்கள் சென்றபின் ஒரு விடியலில், அவள் கையில் பூக்கூடையுடன் திருச்சுற்றில் எனக்கு முன்னே நடந்து சென்றாள். கட்டில் கனவு முற்றும் நின்றதன்று. ஆயினும் அதற்கு அஞ்சி விழித்திருத்தல் நின்றது.

செய்முறை எளிது. படுக்குமுன் தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்து விடுக. வேண்டுவதை ஒரே சிறு தொடராக மும்முறை மனத்துள் கூறுக. பின் கோபுரவாயில் தொட்டுக் கருவறை வரை மெல்ல நினைவால் நடந்து செல்க. வழியிலேயே உறக்கம் வரின் நன்று. கனவு மிகும் துயில்நிலை விடியலை ஒட்டியே நீள்வதால், விழித்தவுடன் எழாது, அசையாது கிடந்து கண்டதை நினைவுகூர்ந்து, பின் எழுதி வைக்க.

கண்ட கனவைக் கொண்டு வாணிபமோ திருமணமோ முடிவு செய்தல் தகாது. நினைவு நம் கடமை. கனவு நம் ஆணைக்கு உட்பட்டதன்று. இன்றிரவு கண் மூடுமுன் நல்லதொன்றை நினைந்து துயில்வோமாக. திருவலிதாயநாதர் திருவருள் அனைவர்க்கும் துணை நிற்பதாக.