மடிக்கணினியும் புறத்திரையும்

மடிக்கணினியின் சிறு திரையை நெடுநேரம் குனிந்து நோக்குவார்க்குக் கழுத்துநோவும் கண்ணயர்ச்சியும் உண்டாதல் இயல்பு. அதனாற் பலர் மொனிற்றர் எனப்படும் புறத்திரையொன்றை வாங்குகின்றனர். அவர் முன்னரே அறியவேண்டுவன சில உள. அவற்றை ஈண்டுக் கூறுவோம்.

முதலாவது, கணினியிலுள்ள துளையை நோக்குதல். 1987ஆம் ஆண்டில் வந்த வி.ஜி.ஏ. துளை படத்தை மட்டுமே கொண்டு செல்லும். 2002இல் வகுக்கப்பட்ட எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் ஒருங்கே செலுத்தும். 2014இல் வெளிவந்த யூ.எஸ்.பி. ரைப்-சி துளையோ எம்மை மயக்கவல்லது. வடம் செவ்வனே பொருந்தினும், சில கணினிகளில் அத்துளை படத்தைச் செலுத்தாது. உருவம் ஒன்றாயினும் ஆற்றல் வேறு. ஆதலால், கணினியின் கைந்நூலைப் பார்த்த பின்னரே வடத்துக்குப் பணங் கொடுத்தல் அறிவுடைமை.

இரண்டாவது, காட்டும் முறையைத் தெரிதல். வடத்தைப் பூட்டியபின், விண்டோஸ் விசையையும் ‘பி’ விசையையும் சேர்த்து அழுத்தின் நான்கு வழிகள் தோன்றும்: கணினித்திரை மட்டும், இரு திரையிலும் ஒரே காட்சி, இரு திரையும் இணைந்த அகன்ற பரப்பு, புறத்திரை மட்டும். வகுப்பறையிற் பெருந்திரையைப் பூட்டும் ஆசிரியர்க்கு இது சிறு செய்தியன்று. இரண்டாம் வழியில், அவர் திறக்கும் புள்ளிப்பட்டியலை மாணவர் அனைவருங் காண்பர். மூன்றாம் வழியில், அதனை அவர் தம் கணினித்திரையிலேயே வைத்துக்கொள்ளலாம்.

இறுதியாக, புறத்திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்திலும், திரை கையெட்டுந் தூரத்திலும் அமைதல் நன்று. குனிந்து கற்ற நாம் இனி நிமிர்ந்து கற்போமாக.