அம்புமுனை வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு

விநாயகபுரம், தம்பிலுவில், திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை என்று எங்கள் அம்பாறைக் கரையோரத்து வீடுகளிலிருந்து வந்து ஒன்ராறியோவில் வளர்ந்த பிள்ளைகள் சிலர் இப்போது வில்லும் கையுமாகத் திரிகிறார்கள். வேட்டைப் பாடநெறி முடித்து, அவுட்டோர்ஸ் கார்டும் மான் அனுமதியும் எடுத்தாயிற்று. ஒக்ரோபரில் சீசன் திறக்கிறது. போனை எடுத்தால் எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "மாமா, மெக்கானிக்கல் முனை வாங்கவா, பிக்ஸ்ட் முனை வாங்கவா?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை வற்றுகிறது. ஆனபடியால் எழுதித் தருகிறேன். இலக்கம் போட்டிருப்பது நீங்கள் திரும்ப எடுத்துப் பார்க்க வசதிக்கு மட்டும்.

1. அம்பு வெட்டித்தான் கொல்லும். துவக்குச் சன்னத்தைப் போல மோதிய வேகத்திலேயே விலங்கை விழுத்தும் வேலை அம்புக்கு இல்லை. அலகு நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் வெட்ட வேண்டும். இரத்தம் வெளியேறி மூளைக்குப் போகாமல் நிற்க வேண்டும். இரண்டு நுரையீரலும் வெட்டுப்பட்ட மான் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். வேறெங்காவது பட்டால் மணிக்கணக்காக இழுபடும். முனையைப் பற்றிய பேச்சு முழுவதும் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் ஓடுகிறது. பெட்டியில் உள்ள படத்தையும் மண்டையோட்டுச் சின்னத்தையும் பார்த்து வாங்காதீர்கள்.

2. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பிக்ஸ்ட் முனையில் அலகு அசையாது. இரண்டோ மூன்றோ நாலோ அலகு, எப்போதும் விரிந்தபடியே இருக்கும். வெட்டு அகலம் பொதுவாக 1 அங்குலம் முதல் 1¼ அங்குலம் வரை. மெக்கானிக்கல் முனை பறக்கும்போது அலகை மடித்து வைத்திருந்து, தோலில் பட்டதும் குடை மாதிரி விரியும். ஒன்றரை, இரண்டு அங்குலம், சிலது அதற்கும் மேலே. மடிந்த அலகைப் பிடித்து வைப்பது ஒரு றப்பர் வளையமோ பிளாஸ்ரிக் கழுத்தோதான்.

3. சட்டத்தைப் பார்த்த பிறகு கடைக்குப் போங்கள். ஒன்ராறியோவில் மானுக்குப் பாவிக்கும் அம்புமுனை அகலமான இடத்தில் 22 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது; கூரான வெட்டுவிளிம்பு குறைந்தது இரண்டு வேண்டும். அம்பு 600 மில்லிமீற்றருக்குக் குறையக்கூடாது. வில்லின் இழுவை, 700 மில்லிமீற்றருக்குள் இழுக்கும்போது, குறைந்தது 18 கிலோ. கரடி, மூஸ் என்றால் 22 கிலோ. வேறு மாகாணத்துக்கோ அமெரிக்காவுக்கோ போகிறவர்கள் அந்த இடத்துச் சட்டத்தை அந்த வருடமே புதிதாகப் பாருங்கள். இங்கிலாந்தில் இருக்கிற மச்சானுக்கு இந்தக் கடதாசியை அனுப்ப வேண்டாம். அங்கே 1963ஆம் ஆண்டு மான் சட்டத்தோடு அம்பால் மான் எய்வது முடிந்துபோன கதை.

4. அடுத்து உங்கள் வில் எவ்வளவு பலம் தருகிறது என்று கணக்குப் பாருங்கள். இது எல்லாரும் தாண்டிப் போகிற இடம். நான் இதில்தான் நிற்பேன்.

அம்பின் எடையைக் கிரேனில் எடுங்கள். வேகத்தை விநாடிக்கு எத்தனை அடி என்று எடுங்கள்; கடையில் வேகமானி இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, எடையாலும் பெருக்கி, 450,240ஆல் பிரியுங்கள். வருவது அடி-இறாத்தல் கணக்கில் அம்பின் சக்தி. 400 கிரேன் அம்பு 250 அடி வேகத்தில் போனால் ஏறத்தாழ 55. அதே கணக்கை 350 கிரேன் அம்புக்கும் 190 அடி வேகத்துக்கும் போட்டால் 28தான் வரும். ஈஸ்ரன் கம்பனி கன காலமாகக் கொடுத்துவரும் அட்டவணையில் மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41, எல்க், கரடி போன்றதுக்கு 42 முதல் 65 என்று இருக்கிறது.

அந்த 28 யாருடையது? 42 இறாத்தல் வில்லும் குட்டை இழுவையும் உள்ள பிள்ளையுடையது. எங்கள் பெண்பிள்ளைகள் பலருக்கும், பதின்ம வயதுப் பொடியன்களுக்கும் அதுதான் அளவு. மெக்கானிக்கல் முனை தன் அலகை விரிக்கவே சக்தியில் ஒரு பங்கைத் தின்னும். விரிந்த பிறகு இரண்டு அங்குல அகலத்தில் சதையைக் கிழித்துப் போக இன்னும் தின்னும். 28இல் மிஞ்சுவது என்ன? அம்பு பாதியில் நிற்கும். மறுபக்கத்தால் வெளியே வராது. வெளித்துவாரம் இல்லாவிட்டால் இரத்தத் தடம் மெலிந்துபோகும். மகள், உன் வில் அப்படியானது என்றால் மெக்கானிக்கல் பக்கமே பார்க்காதே. தொட்ட உடனே வெட்டத் தொடங்கும் ஒடுங்கிய இரண்டலகு பிக்ஸ்ட் முனையை வாங்கு. கடைக்காரன் வேறு மாதிரிச் சொன்னால் சிரித்துவிட்டு வா.

55க்கு மேலே என்றால் மானுக்கு இரண்டும் சரி. அப்போதுதான் தெரிவு என்ற பேச்சே வருகிறது.

5. பலமான வில் இருந்தாலும் முதல் வருடம் பிக்ஸ்ட் முனையோடு பழகுங்கள் என்பேன். காரணம் மான் இல்லை, உங்கள் வில்.

பிக்ஸ்ட் அலகு காற்றைப் பிடிக்கும். அம்பு நாணைவிட்டு நேராகப் புறப்படாவிட்டால், முன்னால் அலகு ஒரு பக்கம் இழுக்க, பின்னால் இறகு மறுபக்கம் திருத்தப் பார்க்க, அம்பு விலகிப் போய்ப் படும். பயிற்சி முனை இதைக் காட்டிக்கொடுக்காது. மெக்கானிக்கலும் பெரும்பாலும் காட்டாது. பயிற்சி முனை பட்ட இடத்திலேயே படும், அதற்காகத்தானே விற்கிறார்கள். ஆனால் கோணலாகப் பறந்த அம்பு கோணலாகத்தான் மானிலும் இறங்கும். கோணலாக இறங்கியது ஆழம் போகாது.

எனவே இருபது யாரில் நின்று, ஒரே எடையுள்ள பயிற்சி முனை அம்பையும் பிக்ஸ்ட் முனை அம்பையும் மாறிமாறி எய்யுங்கள். எடை ஒன்றாக இருக்க வேண்டும்: 100 கிரேன் என்றால் இரண்டும் 100, 125 என்றால் இரண்டும் 125. பிக்ஸ்ட் முனை இடப்பக்கம் படுகிறதா, அம்பு இருக்கும் றெஸ்ட்டை வலப்பக்கம் அரக்குங்கள். ஒரு தரத்துக்கு 1/32 அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். திரும்ப எய்யுங்கள். இரண்டும் ஓரிடத்தில் சேரும்வரை இந்த வேலைதான். பின்னேரங்கள் பல போகும். போகட்டும். அதன்பிறகு எந்த முனையைப் போட்டாலும் உங்கள் வில் சரியாக எறியும். நேரே மெக்கானிக்கலில் தொடங்கியவர் இந்த வேலையைச் செய்யாமலே காட்டுக்குப் போகிறார்.

6. "ஆராய்ச்சி என்ன சொல்லுது?" என்று கேட்கிற படித்த பிள்ளைகளுக்கு. அமெரிக்காவில் மேரிலாந்தின் இந்தியன் ஹெட் கடற்படைத் தளத்தில் மான் வேட்டைப் பதிவுகளை வருடக்கணக்காகச் சேர்த்தார்கள். 1989 முதல் 2006 வரையான பதிவில், கொம்பவுண்ட் வில்லாலும் குறொஸ்போவாலும் அம்பு பட்ட மான்களில் 18 வீதம் கிடைக்காமல் போயின. பின்னர் இரண்டு முனைகளையும் ஒப்பிட்டபோது, பிக்ஸ்ட் முனைக்கு மீட்பு சுமார் 82 வீதம், மெக்கானிக்கலுக்கு சுமார் 91 என்று வந்தது. இதைத் தூக்கிப் பிடித்து மெக்கானிக்கல் ஆட்கள் துள்ளுவார்கள்.

மறுபக்கம் டொக்ரர் எட் ஆஷ்பி. 1980களில் தென்னாபிரிக்காவின் நெற்றாலில் பெரிய விலங்குகளில் அம்பு எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்தவர். பாரமான அம்பு, ஒடுங்கிய, உறுதியான, அசையாத அலகு என்பதுதான் அவர் கண்டது. கனத்த எலும்பை உடைக்க 650 கிரேன் அம்பு வேண்டும் என்றார். அதைத் தூக்கிப் பிடித்து மறுபக்கம் துள்ளும்.

இரண்டும் உண்மைதான். மேரிலாந்தில் பதிவானது வெள்ளைவால் மான். எய்தவர்களிடம் இருந்தது பலமான நவீன வில்லும் குறொஸ்போவும். மெல்லிய விலா எலும்புள்ள மானில் அகலமான வெட்டு கொஞ்சம் விலகிய எய்தலையும் காப்பாற்றும். ஆஷ்பி பார்த்தது எருமை வர்க்கம்வரை. உங்களுக்கு முன்னால் நிற்கப்போவது மான். உங்கள் கையில் இருப்பது எந்த வில் என்று இலக்கம் 4ஐத் திரும்பப் பாருங்கள்.

7. உங்கள் அளவை நீங்களே தெரிவு செய்யுங்கள். றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1660இல் எங்கள் கிழக்குக் கரையில், கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது வருடம் கைதியாக இருந்தவர். 1681இல் வந்த அவருடைய புத்தகத்தில் வேடர் அம்புமுனை செய்விக்கும் விதம் இருக்கிறது. இரவில் வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தமக்கு வேண்டிய முனையின் வடிவத்துக்கு ஓர் இலையை வெட்டி வைத்துவிட்டுப் போவார்களாம். கொல்லன் அந்த இலைக்குச் சரியாகச் செய்து கொடுத்தால் பிறகும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருட்டில் ஓர் அம்பு வரும். இப்போது நாங்கள் கடைக்காரன் வெட்டிவைத்த இலையை வாங்கிக்கொண்டு வருகிறோம், அதுவும் கிரெடிட் கார்ட்டில்.

8. மெக்கானிக்கல் வாங்கியவர்கள் செய்ய வேண்டியது. ஒன்றை எடுத்து அம்பில் பூட்டி, கையால் பிடித்து, தடித்த கார்ட்போட் பெட்டியில் மெதுவாகக் குத்தித் தள்ளுங்கள். எந்த இடத்தில் அலகு அசையத் தொடங்குகிறது, கிழிந்த ஓட்டை இரண்டு பக்கமும் ஒரே அளவா, ஓர் அலகு முந்தி மற்றது பிந்துகிறதா என்று பாருங்கள். முன்பக்கத்தால் மடிந்து பின்னோக்கி விரியும் வகையில், மான் சரிந்து நிற்கும்போது ஓர் அலகு முதலில் கொளுவி அம்பைத் திருப்பிவிடும் ஆபத்து உண்டு. பின்பக்கத்தால் வழுக்கி விரியும் வகையில் அது குறைவு. றப்பர் வளையம் குளிரில் விறைத்து வெடிக்கும். வேட்டைக்குப் போகும் காலையில் நகத்தால் நிமிண்டிப் பாருங்கள், வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள். குறொஸ்போக்காரர், குறொஸ்போவுக்கு என்று எழுதியதைத்தான் வாங்க வேண்டும். சாதாரண வளையம் அந்த வேகத்தில் பறக்கும்போதே அலகை விட்டுவிடும்.

9. மான் அகலப்பக்கமாக நிற்கும்போது, அல்லது தலையை அப்பால் திருப்பிக் கொஞ்சம் சரிந்து நிற்கும்போது மட்டும் எய்யுங்கள். உங்களை நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானுக்கு எந்த முனையும் இல்லை.

10. கூர். பெட்டியிலிருந்து எடுத்த முனையே முன்கை மயிரை வழிக்க வேண்டும். வழிக்காவிட்டால் தீட்டுங்கள், அல்லது திருப்பிக் கொடுங்கள். ஃபோம் இலக்கில் எய்த அலகு மழுங்கிவிடும். அதைப் பழகுவதற்கு என்று ஒதுக்கிவிட்டு, காட்டுக்குப் புதிய அலகு மாற்றுங்கள். முனையைப் பூட்ட சாவி தருவார்கள், விரலால் திருகாதீர்கள். மடித்த துவாயோடு திருகிக் கை தைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.

11. அக்கரைப்பற்று, கல்முனைப் பிள்ளைகள் ஹலாலைப் பற்றிக் கேட்டார்கள். நான் மார்க்கம் படித்தவன் இல்லை. என் அக்கரைப்பற்றுக் கூட்டாளி விளங்கப்படுத்தியதைச் சொல்கிறேன். அதீ இப்னு ஹாதிம் நபியவர்களிடம் எறிகோல் வேட்டையைப் பற்றிக் கேட்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. கூரால் துளைத்துக் கொன்றதை உண்ணலாம். குறுக்கே அடிபட்டுச் செத்ததை உண்ணக்கூடாது. எய்யும்போது பிஸ்மில்லாஹ் சொல்ல வேண்டும். போய்ச் சேரும்போது உயிர் இருந்தால் அறுக்க வேண்டும். பிக்ஸ்ட், மெக்கானிக்கல் இரண்டும் கூரால் துளைப்பவைதான். சின்ன விலங்குக்கு விற்கும் மொட்டை முனைதான் யோசிக்க வேண்டியது. மிச்சத்தை உங்கள் மௌலவியிடம் கேளுங்கள்.

12. ஊருக்கு லீவில் போகும்போது இந்தச் சாமான் ஒன்றும் பெட்டிக்குள் வேண்டாம். லகுகலை, குமண, கல்லோயாப் பக்கம் புள்ளிமானும் மரையும் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின் கீழ்ப் பாதுகாக்கப்பட்டவை. அங்கே ஏற்கெனவே கட்டுத்துவக்கும் பழத்துக்குள் வைக்கும் வெடியும் செய்கிற நாசம் போதும். கதிர்காமப் பாதயாத்திரை போகிறவர்கள் குமணக் காட்டுக்குள்ளால் நடக்கும்போது மானைக் கண்ணால் பாருங்கள்.

13. எய்த பிறகு உடனே மரத்திலிருந்து இறங்காதீர்கள். மான் கடைசியாக எந்த மரத்தடியில் மறைந்தது என்று பார்த்து வையுங்கள். அம்பைத் தேடி எடுங்கள். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் என்றால் நுரையீரல். அரை மணித்தியாலம் பொறுத்துப் போங்கள். கடும் சிவப்பு என்றால் ஈரல், நாலு மணித்தியாலம். பச்சை கலந்து நாறினால் குடல். எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் விடுங்கள். முந்திப் போய் எழுப்பினால் மான் அடுத்தவன் காணிக்குள் போய்விடும், காணிக்காரனிடம் கேட்காமல் நீங்கள் உள்ளே போக ஏலாது. குடலில் பட்டது என்றால் தேடும்போது தண்ணீர் இருக்கும் பக்கத்தை முதலில் பாருங்கள்.