சேர்ந்து செய்யும் உடற்பயிற்சியும் ஜிம் நட்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஒரு பயிற்சியாளரின் முன்னால் பத்து முப்பது பேர் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் செய்யும் உடற்பயிற்சியே குரூப் கிளாஸ். ஏரோபிக்ஸ், ஜும்பா, ஸ்பின்னிங், பவர் யோகா என்று இதற்குப் பல வடிவங்கள் உண்டு. பெருநகரத்தின் பெரிய ஜிம்மில் மட்டுமின்றி, சிற்றூர்க் கடைத்தெருவின் மாடி ஜிம்மிலும் இன்று காலை பேட்ச், மாலை பேட்ச் என்று கிளாஸ்கள் நடக்கின்றன. ட்ரெட்மில்லில் ஓட எப்போது வேண்டுமானாலும் வரலாம், போகலாம். கிளாஸுக்கோ குறித்த நேரம் உண்டு. அந்த நேரத்துக்கு அதே ஆட்கள் வருகிறார்கள். பயிற்சியை விடாமல் தொடர்வதும் அங்கே நட்பு முளைப்பதும் பெரும்பாலும் இந்த ஒழுங்கால்தான். சேர நினைப்பவரை வாசலிலேயே நிறுத்துகிற, சேர்ந்தவரைப் பாதியில் திருப்பி அனுப்புகிற சில நம்பிக்கைகளை இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை 1: முதலில் உடம்பைக் குறைத்துக்கொண்டு, பிறகுதான் கிளாஸில் சேர வேண்டும்.

உண்மை: உடல்தகுதி பயிற்சியால் வருவது, பயிற்சிக்கு நுழைவுச்சீட்டாக அதைக் கேட்பதில் பொருளில்லை. நல்ல பயிற்சியாளர் ஒவ்வோர் அசைவுக்கும் இரண்டு மூன்று நிலைகள் காட்டுவார். குதிக்க முடியாதவர் அதே இடத்தில் கால் மாற்றி வைக்கலாம். தரையில் கையூன்றித் தண்டால் எடுக்க முடியாதவர் முழங்காலை ஊன்றியோ, சுவரில் கை வைத்தோ எடுக்கலாம். தாளம் எல்லோருக்கும் ஒன்று, வேகம் அவரவருக்கு. எவ்வளவு முயல்கிறோம் என்று அறிய ஒரு கருவியும் தேவையில்லை. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான பயிற்சி. நான்கு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க நிற்க வேண்டியிருந்தால் அது கடுமையான பயிற்சி. புதிதாக வருபவர் முதல் சில வாரங்கள் முன்னதிலேயே இருந்தால் போதும். இதய நோய், கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், நடந்தாலே நெஞ்சில் வலி, அடிக்கடி தலைச்சுற்றல் போன்றவை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும்.

நம்பிக்கை 2: தப்பாக ஆடினால் எல்லோரும் பார்ப்பார்கள்.

உண்மை: கிளாஸின் கடைசி வரிசையும் ஓரமும்தான் முதலில் நிரம்பும். அங்கே நிற்கும் புதியவர் தடுமாறுவதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பயிற்சியாளர் மாணவர்களைப் பார்த்தபடி நின்றால், அவர்களுடைய வலப்பக்கம் அவருக்கு இடப்பக்கம். 'ரைட்' என்று சொல்லிக்கொண்டே தன் இடது காலை எடுத்து வைப்பார். காது ஒன்று சொல்ல, கண் இன்னொன்று சொல்ல, கால் பின்னிக்கொள்ளும். கையை விட்டுவிட்டுக் காலை மட்டும் பின்பற்றினால் இரண்டு மூன்று கிளாஸில் இது சரியாகிவிடும். கை பிறகு தானே சேர்ந்துகொள்ளும்.

பிறர் முன்னிலையில் தடுமாறுவது இயல்பு என்பதை உளவியலும் சொல்கிறது. நன்றாகப் பழகிய வேலையைப் பிறர் முன்னிலையில் மனிதர் இன்னும் நன்றாகச் செய்கிறார். பழகாத வேலையில் சற்றுச் சறுக்குகிறார் என்று ராபர்ட் ஸயான்ஸ் 1965-இல் விளக்கினார். ஆனால் அந்தச் சறுக்கலை மற்றவர்கள் கவனிப்பது நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. தாமஸ் கிலோவிச்சும் உடன் ஆய்வாளர்களும் 2000-இல் வெளியிட்ட சோதனையில், கூச்சம் தரும் படம் போட்ட டி-ஷர்ட்டுடன் மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். அறையில் பாதிப் பேராவது அதைக் கவனித்திருப்பார்கள் என்று அணிந்தவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் ஏறக்குறைய கால்வாசிப் பேர். கிளாஸில் இருப்பவர்களுக்கோ அடுத்த ஸ்டெப் என்ன என்பதே பெரிய கவலை.

நம்பிக்கை 3: குரூப் கிளாஸ் பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் உரியது.

உண்மை: இந்த எண்ணத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடன ஆசிரியை ஜூடி ஷெப்பர்ட் மிசெட் 1969-இல் தொடங்கிய ஜாஸர்சைஸ், நடன வகுப்பின் கண்டிப்பைத் தாங்காமல் நின்றுவிட்ட பெண்களுக்காக உருவானது. கண்ணாடியைப் பார்த்து ஆடிய மாணவிகளை அவர் கண்ணாடிக்கு முதுகு காட்டித் திருப்பி நிறுத்தினார். அதன்பின் பல ஆண்டுகள் ஏரோபிக்ஸ் என்றாலே பெண்கள் என்று ஆகிவிட்டது. ஆனால் ஜும்பாவை உருவாக்கியவர் கொலம்பியாவின் காலி நகரைச் சேர்ந்த பெட்டோ பெரெஸ் என்ற ஆண். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் 1990-களின் தொடக்கத்தில் பிலிப் மில்ஸ் பார்பெல்லையே குரூப் கிளாஸுக்குள் கொண்டுவந்தார். தமிழ்நாட்டின் சிலம்பக் கூடங்களில் ஆசான் முன்னால் ஆண்கள் வரிசையாக நின்று ஒரே தாளத்தில் காலடி பழகியதும் சேர்ந்து செய்த பயிற்சிதான்.

வயதும் தடையில்லை. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் சராசரியாக 90 வயதான 10 பேருக்கு 8 வாரம் எடைப் பயிற்சி தரப்பட்டது. அவர்களுடைய கால் தசையின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது என்று 1990-இல் மரியா பியாட்டரோனும் குழுவினரும் எழுதினார்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது நிலைதடுமாறாமல் நிற்கவும் நடக்கவும் உதவும் பயிற்சிகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வயதான காலத்தில் கீழே விழாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காப்பு குறைவு.

நம்பிக்கை 4: மறுநாள் உடம்பு வலித்தால்தான் பயிற்சி பலித்தது.

உண்மை: பழகாத அசைவால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைச் சரிசெய்ய உடல் செய்யும் வேலையும்தான் இந்த வலிக்குக் காரணம். லாக்டிக் அமிலம் தேங்குவதால் வலிக்கிறது என்று சொல்வது தவறு; பயிற்சி முடிந்து ஒரு மணி நேரம் போல் ஆவதற்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடும். வலி உச்சத்துக்கு வருவதோ 24 முதல் 72 மணி நேரத்துக்குள். அதே பயிற்சியைத் தொடர்ந்தால் வலி குறையும், பலன் குறையாது.

கூட்டத்தின் வேகத்துக்கு முதல் நாளே ஈடுகொடுக்கப் பார்ப்பதில்தான் ஆபத்து இருக்கிறது. முதன்முறையாக ஸ்பின்னிங் கிளாஸில் மிதமிஞ்சி மிதித்தவர்களுக்குத் தசை பெருமளவில் சிதைந்து, அதிலுள்ள புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதித்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. கால் வீங்கி, தாங்க முடியாத வலியோடு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தைலம் தடவிக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை 5: நாலு பேரோடு சேர்ந்தால் பேச்சுதான் வளரும், பயிற்சி குறையும்.

உண்மை: சேர்ந்து செய்பவர் தனியாகச் செய்வதைவிடப் பெரும்பாலும் கூடுதலாகத் தாங்குகிறார். 1920-களில் ஜெர்மானிய உளவியலாளர் ஓட்டோ கோலர், பெர்லின் படகுச் சங்கத்தினரைக் கை ஓயும்வரை எடை தூக்கச் சொன்னார். இருவர் சேர்ந்து ஒரே கம்பியைத் தூக்கும்போது, ஒருவர் ஓய்ந்தால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். அப்போது இருவரில் வலு குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். இருவருக்குமான வித்தியாசம் மிதமாக இருந்தபோது இந்த விளைவு கூடுதலாகத் தெரிந்தது. தன்னைவிடச் சற்றே தேர்ந்த ஒருவருக்குப் பக்கத்தில் நிற்பது நல்லது என்பது இதிலிருந்து புலப்படும்.

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகு வீரர்களிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரே வேலையைத் தனியாகவும், குழுவாக ஒரே தாளத்திலும் செய்யவைத்து வலி தாங்கும் திறனை அளந்தார்கள். சேர்ந்து துடுப்பிட்ட பிறகு அந்தத் திறன் கூடுதலாக இருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்பின் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

பேச்சுக்கும் இடம் உண்டு, நேரம் பார்த்துப் பேச வேண்டும். கிளாஸ் தொடங்கும் முன் மேட் விரிக்கும்போது, செட்டுக்கு நடுவில் ஓய்வெடுக்கும்போது, கடைசி ஸ்ட்ரெட்ச்சிங் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது பேசலாம். ஒருவர் எடையைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதோ, காதில் இயர்போன் மாட்டித் தலை குனிந்திருக்கும்போதோ பேச்சுக் கொடுப்பது தொந்தரவு.

நம்பிக்கை 6: கூச்ச சுபாவம் உள்ளவருக்கு ஜிம்மில் நட்பு அமையாது.

உண்மை: நட்பின் முதல் படிக்குப் பேச்சுத்திறமை தேவைப்படுவதில்லை, முகம் பழகினாலே போதும். அமெரிக்க ஆய்வாளர்கள் ரிச்சர்ட் மோர்லேண்டும் ஸ்காட் பீச்சும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கல்லூரி வகுப்புக்கு மாணவிகள் போலப் போக நான்கு பெண்களை ஏற்பாடு செய்தார்கள். ஒருவர் ஒருமுறைகூடப் போகவில்லை. மற்ற மூவரும் முறையே 5, 10, 15 முறை போய் உட்கார்ந்து வந்தார்கள். யாரோடும் ஒரு வார்த்தை பேசவில்லை. பருவ முடிவில் நால்வரின் படங்களையும் காட்டியபோது, அதிக முறை வந்தவரையே மாணவர்கள் அதிகம் விரும்பினார்கள்.

ஜிம்மிலும் இப்படித்தான் தொடங்குகிறது. முதல் வாரம் பார்வை, இரண்டாம் வாரம் புன்னகை, அப்புறம் "இந்த மேட் யாரோடதுங்க?" என்ற கேள்வி. பிறகு ஒரு நாள் வராமல் போனால், "என்னங்க, ரெண்டு நாளா ஆளையே காணோம்?" என்று பக்கத்து மேட்காரர் கேட்பார். கேட்பதற்கு ஓர் ஆள் வந்துவிட்டார் என்பதே நட்பு தொடங்கிவிட்டதன் அடையாளம். கூச்சமுள்ளவர் செய்ய வேண்டியது இரண்டுதான்: ஒரே பேட்சுக்குத் தொடர்ந்து போவது, ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பது. பேசிவிட்டு வந்தபின், 'உளறிவிட்டோமோ' என்று வருந்தவும் தேவையில்லை. புதியவர்கள் இருவர் பேசினால், எதிரில் இருந்தவருக்குத் தன்னைப் பிடித்த அளவை இருவருமே குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்று எரிகா பூத்பியும் குழுவினரும் 2018-இல் காட்டினார்கள்.

நம்பிக்கை 7: ஒரு மாதம் போயும் நண்பர் கிடைக்கவில்லை என்றால் இனி கிடைக்கப்போவதில்லை.

உண்மை: நட்புக்கு மணிக்கணக்கு உண்டு. கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகம் சாதாரண நட்பாக மாறச் சுமார் 50 மணி நேரமும், நல்ல நட்பாகச் சுமார் 90 மணி நேரமும், நெருங்கிய நட்பாக 200 மணி நேரத்துக்கு மேலும் ஆகின்றன. வாரம் 3 நாள், ஒரு மணி நேரம் என்று வைத்தால் ஒரு மாதத்தில் சேர்வது 12, 13 மணி நேரம். 50 மணி நேரத்தைத் தொடவே நான்கு மாதம் ஆகும். அதோடு, கட்டாயத்தால் சேர்ந்திருக்கும் நேரத்தைவிட விரும்பிச் சேர்ந்து கழிக்கும் நேரமே நட்பை வளர்க்கிறது. கிளாஸ் முடிந்து டீக்கடையில் நிற்கும் கால் மணி நேரமும், வண்டி நிறுத்துமிடத்தில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நீளும் பேச்சும், ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து போகும் நடையும் இந்தக் கணக்கில் நிறையப் பெறுமானம் உள்ளவை.

நம்பிக்கை 8: 21 நாள் போனால் பழக்கமாகிவிடும்.

உண்மை: முக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற மருத்துவர் 1960-இல் எழுதினார். அது நாளடைவில் எல்லாப் பழக்கத்துக்கும் பொதுவிதியாகிவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி 96 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக நடுவளவில் 66 நாள் ஆனது; ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப அது 18 முதல் 254 நாள் வரை மாறியது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் குலையவில்லை. 22-ஆம் நாளும் எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தால் அது யாருடைய குறையும் இல்லை.

நம்பிக்கை 9: ஜும்பா ஒன்றே உடம்புக்குப் போதும்.

உண்மை: பெரியவர்கள் வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமாகவோ, 75 முதல் 150 நிமிடம் கடுமையாகவோ மூச்சு வாங்கும் பயிற்சி செய்ய வேண்டும், அதோடு வாரத்தில் 2 நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வரையறுத்தது. வாரம் 3 நாள் ஜும்பா முதல் பாதியை நிறைவேற்றும். இரண்டாம் பாதிக்கு டம்பெல், பார்பெல், ரப்பர் பட்டை, அல்லது தன் உடல் எடையையே தூக்கும் பயிற்சி தேவை. அதையும் கிளாஸாகவே செய்யலாம்.

நம்பிக்கை 10: ஜிம் நட்பு ஜிம்மோடு சரி.

உண்மை: எல்லா ஜிம் நட்பும் வீட்டு விசேஷம்வரை வருவதில்லை, வரவேண்டியதும் இல்லை. வாரம் மூன்று நாள் பெயர் சொல்லி அழைத்து நலம் கேட்கும் மனிதரும் ஒருவருடைய உறவு வட்டத்தில் சேர்ந்தவரே. அந்த வட்டத்தின் பலம் ஆயுளோடு தொடர்புள்ளது. ஜூலியன் ஹோல்ட்-லன்ஸ்டாடும் குழுவினரும் 3,08,849 பேரை உள்ளடக்கிய 148 ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஏழரை ஆண்டுக் கண்காணிப்பில், உறவுகள் வலுவாக இருந்தவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 50 விழுக்காடு கூடுதலாக இருந்தது. குரூப் கிளாஸுக்குப் போகிறவர் உடற்பயிற்சி, உறவு என்ற இரண்டுக்குமாக அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடுகிறார்.