‘நம்மாளுக்குக் கோச் வேலை கிடைக்காது’: யார் சொன்னது?

ஜெஞ்சாரோம் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் சரி, கிள்ளானில் தீபாவளிக் கிண்ண ஆட்டம் பார்க்க நின்றாலும் சரி, யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை: “காற்பந்துக் கோச்சா? நம்மாளுக்கு அந்த நாற்காலி கிடைக்காதுப்பா.” தேநீரை உறிஞ்சிக்கொண்டே ஒரு பையனின் ஆசையை முடித்துவிடுகிறார்கள். காற்பந்துப் பயிற்றுநர்களுக்கு வகுப்பெடுப்பவன் நான். இதைக் கேட்டுக்கேட்டுக் காது புளித்துவிட்டது.

2007இல் மலேசியத் தேசியக் குழுவின் பயிற்றுநர் யார்? நம்மாள் பி. சத்தியநாதன். அவருக்குப் பின் 2009இல் வந்தவர் கே. ராஜகோபால். அந்த ஆண்டே சீ போட்டியில் தங்கம், அதுவும் 20 ஆண்டுகளுக்குப் பிறகு. 2010 டிசம்பரில் தென்கிழக்காசிய நாடுகளுக்கான சுசுகி கிண்ணம். முதல் ஆட்டத்தில் ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை வாங்கிய குழு அது. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில் புக்கிட் ஜாலிலில் 3-0 என்று சாய்த்தது. மலேசியா அந்தக் கிண்ணத்தை வென்றது அதுவே முதல் முறை.

தேசியக் குழு விதிவிலக்கு என்பீர்கள். சரி, கிளந்தான் மாநிலக் குழுவைப் பாருங்கள். 2010இல் கிளந்தான் தன் முதல் மலேசியக் கிண்ணத்தைத் தூக்கியபோது பயிற்றுநர் யார்? சத்தியநாதன்தான், தேசியப் பதவி பறிபோன மறு ஆண்டு. 2011இல் சூப்பர் லீக் வென்றபோது? எம். கராத்து. கோத்தா பாருவில் கிடைத்த நாற்காலி ஜெஞ்சாரோம் பையனுக்கு மட்டும் கிடைக்காதாம்! நெகிரி செம்பிலானுக்கு கே. டேவன், சிலாங்கூருக்கு பி. மணியம் என்று இன்னும் சொல்லலாம். கேட்கிற காது வேண்டுமே.

பெரிய ஆட்டக்காரனாக இருந்திருக்க வேண்டும் என்பது அடுத்த கதை. 1994இல் பிரேசிலுக்கு உலகக் கிண்ணம் வாங்கிக் கொடுத்த பரெய்ரா தொழில்முறை ஆட்டக்காரரே அல்லர். கோச் வேலையில் நிரந்தர வருமானம் உண்டு என்பதும் பொய். இது ஒப்பந்த வேலை, தோற்றால் மூட்டை கட்ட வேண்டும். அதை மறைக்க மாட்டேன்.

விசில் இருந்தால் போதும் என்பவர்களிடம்தான் எனக்குக் கோபம். ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்தின் சி, பி, ஏ, புரோ என்று உரிமங்கள் படிப்படியாக இருக்கின்றன. வகுப்பில் நான் பார்ப்பது வேறு எதுவும் அல்ல: ஆட்டம் ஓடும்போது சரியான நொடியில் “நில்!” என்கிறாயா, தப்பான இடத்தில் நிற்கும் தற்காப்பு ஆட்டக்காரனை இரண்டு எட்டு நகர்த்தி, ஏன் என்று ஒரே வாக்கியத்தில் சொல்கிறாயா? பத்து நிமிடம் பேருரை ஆற்றுபவன் தேறமாட்டான். தேறாதவர்களில் பலர் ஒட்டுக்கடைக்குப் போய், “நம்மாளுக்குத் தரமாட்டான்” என்கிறார்கள்.

ஆனால் சி உரிமத்துக்கு வருபவன் சிறு வயதில் எங்காவது பந்தை உதைத்திருக்க வேண்டுமே! தமிழ்ப்பள்ளித் திடலில் பாதியைக் கார் நிறுத்துமிடமாக்கிவிட்டு, மீதியில் கொட்டகை போட்டால் அவன் எங்கே ஆடுவான்? பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் அடுத்த முறை ‘கூடுதல் பார்க்கிங்’ என்று பேச்செடுத்தால், தயவுசெய்து எழுந்து நின்று வேண்டாம் என்று சொல்லுங்கள்.