பரோலோ பாட்டிலைத் திறக்கும் முன்

இத்தாலியின் வடமேற்கே பியட்மான்ட் பகுதியில் ஆல்பா நகரை ஒட்டிய லாங்கே குன்றுகளில் விளைகிறது நெபியோலோ திராட்சை. அதை மட்டுமே வைத்துச் செய்வது பரோலோ வைன். 11 ஊர்களுக்குத்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள உரிமை. ரோஜா, செர்ரி, கூடவே லேசான தார் வாசனை. வாயில் வைத்தால் ஈறைப் பிடித்து இழுக்கும் துவர்ப்பு. விலையும் கூடுதல். பொருந்தாத சாப்பாட்டோடு திறந்தால் வைனும் வீண், சாப்பாடும் வீண்.

செய்ய வேண்டியவை

லேபிளில் அறுவடை ஆண்டைப் பாருங்கள். 38 மாதங்கள், அதில் 18 மாதங்களாவது மரப்பீப்பாயில், ஊறிய பிறகுதான் பரோலோ கடைக்கு வரலாம் என்பது சட்டம். ரிசர்வா என்று போட்டிருந்தால் 62 மாதம். அப்படி வந்த பிறகும் அது முரட்டுப் பிள்ளைதான். அறுவடையாகிப் பத்து வருடம் கடந்த பாட்டில் கிடைத்தால் அதையே எடுங்கள். இளசுதான் கிடைக்கிறது என்றால் லா மொர்ரா ஊர்ப்பக்கத்துப் பரோலோ கொஞ்சம் இணக்கமானது; செர்ராலுங்கா தால்பா மண்ணில் விளைந்தது இறுக்கமானது, இன்னும் காத்திருக்கச் சொல்லும்.

இளம் பாட்டிலை இரண்டு மணி நேரம் முன்பே திறந்து அகன்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றி வையுங்கள். பழைய பாட்டிலுக்கு அது வேண்டாம். முந்தைய நாளே நிமிர்த்தி வைத்து, அடியில் தங்கிய வண்டல் கலங்காமல் மெல்ல ஊற்றினால் போதும்.

கொழுப்பும் புரதமும் உள்ள சாப்பாடு அவசியம். துவர்ப்பைத் தரும் டானின், எச்சிலில் உள்ள புரதங்களைப் பற்றிக்கொள்வதால்தான் வாய் வறள்கிறது. இறைச்சியோ சீஸோ கூட இருந்தால் டானின் அந்தப் புரதத்தையும் பற்றிக்கொள்ளும், நாக்கு தப்பிக்கும். கடுந்தேநீரில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குவதும் இப்படித்தான். பியட்மான்ட்காரர்கள் மாட்டிறைச்சியை வெங்காயம், கேரட், செலரி, கிராம்பு, பிரியாணி இலையோடு வைனில் ஊறவைத்து, சிறு தீயில் மணிக்கணக்கில் வேகவிட்டு, பிரசாத்தோ செய்வார்கள். இறைச்சி கரண்டி பட்டாலே பிரியும். ஊறிய வைன் கெட்டியான கருஞ்சாறாகத் தட்டில் நிற்கும். பெயருக்குப் பரோலோ பிரசாத்தோ என்றாலும், பானையில் விலை குறைந்த லாங்கே நெபியோலோ வைனை விடலாம். நல்ல பரோலோவை அடுப்பில் ஏற்றுவது எனக்கு மனசு வராத காரியம்.

சைவர்களுக்கும் வழி உண்டு. முட்டை சேர்ப்பவர்களானால் தாயரின்: மஞ்சள் கருவைத் தாராளமாகப் போட்டுப் பிசைந்த மெல்லிய நூடுல்ஸ். வெண்ணெயில் புரட்டி, இலையுதிர் காலமானால் மேலே ஆல்பா வெள்ளை ட்ரஃபிளைச் சீவிப் போடுவார்கள். போர்சினிக் காளான் ரிசோட்டோவும் முற்றிய சீஸும் பொருந்தும்.

செய்யக்கூடாதவை

நிறத்தைப் பார்த்து எடை போடாதீர்கள். வெள்ளைத் துணிக்கு மேலே கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள்: நடுவே வெளிறிய சிவப்பு, விளிம்பில் செங்கல் நிறம். லேசான வைன் என்று நினைத்து ஒரு பெரிய மிடறு விழுங்கினால்தான் தெரியும் சேதி.

மீனோடு வேண்டாம். சிவப்பு வைனில் உள்ள இரும்பு மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சு நாற்றம் வாயிலேயே தங்கிவிடும்.

காரத்தோடு வேண்டவே வேண்டாம். பரோலோவில் ஆல்கஹால் பெரும்பாலும் 14 சதவீதத்தை ஒட்டியிருக்கும். மிளகாய் எரிச்சலை ஆல்கஹால் தூக்கிவிடும். எரிகிற நாக்குக்குத் துவர்ப்பும் இரண்டு மடங்காகத் தெரியும். எந்த இறைச்சிக்கும் சிவப்பு வைன் போகும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் செட்டிநாட்டு மட்டன் சுக்காவை மனதில் வைத்துச் சொல்லவில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றாதீர்கள். குளிர்ந்தால் டானின் இன்னும் கரடாகும். அதற்காகச் சென்னை மே மாத அறைச்சூட்டிலும் வைக்கக்கூடாது, வாசனையை முந்திக்கொண்டு ஆல்கஹால் மூக்கில் ஏறும். 16 முதல் 18 டிகிரி சரி.

பரோலோவை ஊறவைக்கச் சிறு பீப்பாயா, பழைய முறைப்படி பெரும் பீப்பாயா என்று தயாரிப்பாளர்களுக்குள் எழுந்த சண்டையில் கட்சி சேராதீர்கள். 1980-களில் சிறு பீப்பாய்க் கட்சிக்காரரான எலியோ அல்தாரே என்ற தயாரிப்பாளர் அப்பாவின் பழைய பெரும் பீப்பாய்களை ரம்பத்தால் அறுத்தே போட்டார். இன்று இரண்டு வகையிலும் அருமையான பரோலோ கிடைக்கிறது.

இனிப்பு வந்ததும் கிளாஸை ஒதுக்கி வையுங்கள். கேக்கோடு குடித்தால் வைன் புளித்துக் கசக்கும். சாக்லேட்தான் என்றால் அதற்கென்றே பரோலோ கினாத்தோ இருக்கிறது: சின்கோனா பட்டையும் மசாலாவும் சர்க்கரையும் சேர்த்த பரோலோ. சின்னக் கிளாஸில் கொஞ்சமாக ஊற்றுங்கள்.